காவலர் மீதான புகாரைக் குடிமக்கள் விசாரிக்கலாமா? ஃபுளோரிடா, டென்னசி மாநிலச் சட்டங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 2024 ஜூலை 1 அன்று ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. காவலர் மீது பொதுமக்கள் கொடுக்கும் புகாரை, நகரமோ கவுண்டியோ (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) அமைத்த குடிமக்கள் குழு இனி விசாரிக்கக் கூடாது என்பதே அதன் சாரம். அதற்குச் சரியாக ஓராண்டு முன்பு டென்னசி மாநிலத்திலும் ஏறத்தாழ இதே நோக்குடைய சட்டம் அமலானது. இந்தச் சட்டங்கள் எதைத் தடுக்கின்றன, எதை விட்டுவைக்கின்றன, இவற்றுக்கு முன்பே இருந்த வரம்புகள் என்னென்ன என்பவற்றைக் கீழே விளக்கியிருக்கிறேன். இத்தகைய குழுக்கள் தேவை என்று நம்புகிறவன் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை.

கேள்வி: குடிமக்கள் கண்காணிப்புக் குழு என்பது எது?

இந்தியாவில் காவல்துறை மாநில அரசின் கையில் இருக்கிறது. அமெரிக்காவிலோ ஏறக்குறைய 18,000 காவல் அமைப்புகள் தனித்தனியே இயங்குகின்றன. அவற்றில் பெரும்பாலானவை நகரத்துக்கோ கவுண்டிக்கோ உரியவை. நகரக் காவல்துறைக்குத் தலைவரை நகர நிர்வாகம் நியமிக்கிறது. கவுண்டியில் பெரும்பாலும் ஷெரிஃப் எனப்படும் காவல் தலைவரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். காவலர் ஒருவர் வரம்பு மீறினார் என்று யாராவது புகார் கொடுத்தால், அதே துறையின் உள்விசாரணைப் பிரிவு அதை விசாரிக்கும். உடன் வேலை செய்கிறவர்களே விசாரிப்பது போதாது என்று கருதிய நகரங்கள், காவல்துறையைச் சாராத குடிமக்களைக் கொண்ட குழுக்களை அமைத்தன. இவற்றின் அதிகாரம் ஊருக்கு ஊர் மாறுபடும். சில குழுக்கள் முடிந்துபோன கோப்புகளைப் படித்துக் கருத்துச் சொல்லும். சில, சொந்தமாக விசாரணையாளர்களை வைத்துக்கொண்டு சாட்சிகளை அழைத்து விசாரிக்கும். தண்டனை வழங்கும் அதிகாரம் பெற்ற குழுக்கள் மிகச் சில.

கேள்வி: இவை எதனால் தோன்றின?

பெரும்பாலும் ஒரு மரணத்துக்குப் பிறகு. ஃபுளோரிடாவின் மயாமி வட்டாரத்தில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1979 டிசம்பரில் ஆர்தர் மெக்டஃபி என்ற கறுப்பின காப்பீட்டு முகவர் மோட்டார் சைக்கிளில் சென்றபோது, கவுண்டிக் காவலர்கள் அவரைத் துரத்திப் பிடித்து அடித்தார்கள். சில நாட்களில் அவர் இறந்துபோனார். அவர் விபத்தில் சிக்கியதாக அறிக்கை எழுதப்பட்டது. அந்த அறிக்கைக்குப் பொருத்தமாக, காவல் காரை மோட்டார் சைக்கிளின் மீது ஏற்றி நசுக்கியிருந்தார்கள். காயங்கள் விபத்தில் ஏற்படக்கூடியவை அல்ல என்று உடற்கூறு ஆய்வு காட்டியது. 1980 மே 17 அன்று, டாம்பா நகருக்கு மாற்றப்பட்ட வழக்கில், வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி காவலர்களை விடுவித்தது. அதைத் தொடர்ந்து மயாமியில் மூண்ட கலவரத்தில் 18 பேர் உயிரிழந்தார்கள். கவுண்டி நிர்வாகம் சுயேச்சையான மறுஆய்வுக் குழுவை அமைத்தது அந்த ஆண்டில்தான். 2009-இல் நிதி நிறுத்தப்பட்டு அது மூடப்பட்டது. ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவர் காவலரால் கொல்லப்பட்ட 2020-இல் வேறொரு பெயரில் மீண்டும் உருவாக்கப்பட்டது.

பொய்யான அறிக்கையை எழுதியதும் காவல்துறை, அதை முதலில் சரிபார்க்க வேண்டியதும் அதே காவல்துறை என்னும் நிலையில் என்ன நடக்கும் என்பதை அந்த நசுங்கிய மோட்டார் சைக்கிள் காட்டியது. வெளியாரின் கண் தேவை என்ற கோரிக்கையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

கேள்வி: நகர மக்களே வாக்களித்து அமைத்த குழுவை மாநிலம் எப்படிக் கலைக்க முடிகிறது?

அமெரிக்க அரசியல் சட்டத்தில் மத்திய அரசும் மாநிலங்களும் மட்டுமே இடம்பெறுகின்றன. நகரங்களைப் பற்றிய பேச்சே இல்லை. நகரம் என்பது மாநிலம் பெற்ற பிள்ளை என்ற கருத்தை 1868-இல் அயோவா மாநில நீதிபதி ஜான் டில்லன் வலியுறுத்தினார். 1907-இல் பிட்ஸ்பர்க் நகரம் தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நகரத்தின் அதிகாரத்தைக் கூட்டவும் குறைக்கவும் மாநிலத்துக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. பிற்காலத்தில் பல மாநிலங்கள் உள்ளாட்சிகளுக்குத் தன்னாட்சி வழங்கின. ஃபுளோரிடாவின் 1968 அரசியல் சாசனமும் அவ்வாறே செய்தது. ஆனாலும், மாநிலச் சட்டம் தடுக்காத வரைதான் அந்தத் தன்னாட்சி செல்லும். ஒரு துறையில் மாநிலம் சட்டம் இயற்றி அதைத் தனக்கென ஒதுக்கிக்கொண்டால், உள்ளாட்சி அதற்குமேல் அதில் கைவைக்க முடியாது. ஓர் ஊரில் எத்தனை சதவீத மக்கள் வாக்களித்தார்கள் என்பதற்கு நீதிமன்றத்தில் சட்ட மதிப்பு இல்லை.

கேள்வி: ஃபுளோரிடாவின் 2024 சட்டம் சரியாக எதைத் தடுக்கிறது?

ஆளுநர் ரான் டிசான்டிஸ் 2024 ஏப்ரலில் கையெழுத்திட்ட இந்தச் சட்டம் இரண்டு விஷயங்களில் உள்ளாட்சிகளைக் கட்டுப்படுத்துகிறது. காவலர்கள், சிறைக் காவலர்கள் ஆகியோர் மீதான முறைகேட்டுப் புகார்களைப் பெறுவது, பரிசீலிப்பது, விசாரிப்பது ஆகியவை பற்றி உள்ளாட்சி தனி விதி இயற்றக் கூடாது. அத்தகைய புகார்களைக் காவல்துறை விசாரிக்கும் விதத்தைக் குடிமக்கள் கண்காணிப்பதற்கும் விதி இயற்றக் கூடாது. முன்பே உள்ள விதிகளையும் செயல்படுத்தக் கூடாது. மயாமி நகரில் 2001 நவம்பரில் வாக்காளர்களின் ஒப்புதலோடு பிறந்த குடிமக்கள் விசாரணைக் குழு, இதனால் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்துவந்த வேலையை இழந்தது.

குழு என்ற ஒன்றே இருக்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. ஷெரிஃபோ காவல்துறைத் தலைவரோ விரும்பினால் குடிமக்கள் குழுவை அமைத்துக்கொள்ளலாம். உறுப்பினர்கள் மூன்று முதல் ஏழு பேர். அவர்களை அந்த ஷெரிஃபோ தலைவரோதான் நியமிப்பார். குறைந்தது ஒருவர் ஓய்வுபெற்ற காவல் அதிகாரியாக இருக்க வேண்டும். துறையின் கொள்கைகளையும் நடைமுறைகளையும் இந்தக் குழு பரிசீலிக்கலாம். தனிப்பட்ட புகார்கள் அதன் வேலைக்குள் வராது.

கேள்வி: தலைவரே அமைக்கும் குழு போதாதா?

போதாது என்பதே என் உறுதியான கருத்து. தலைவர் நல்லவராக இருந்தால் அவர் அமைக்கும் குழு பயனுள்ள யோசனைகளைச் சொல்லும், அதை மறுக்கவில்லை. ஆனால் கண்காணிப்பு தேவைப்படுவதே தலைவர் காது கொடுக்காத காலத்தில்தான். அப்படிப்பட்ட தலைவர் குழுவை அமைக்காமலே இருக்கலாம். அமைத்தாலும் தனக்கு இசைவானவர்களை வைத்துக்கொள்ளலாம். தணிக்கை செய்யப்படுகிறவரே தணிக்கையாளரைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டை ஒரு கூட்டுறவுச் சங்கத்தில்கூட நாம் ஏற்க மாட்டோம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கொள்கை என்பது பொதுவானது. புகார் என்பது ஒரு மனிதருடையது. போக்குவரத்துச் சோதனையில் வண்டியை நிறுத்தச் சொன்னது ஏன், கையை முறுக்கியது ஏன், உடலில் அணிந்திருந்த கேமரா அந்த நேரத்தில் இயங்கியதா என்ற கேள்விகளுக்கு விடை ஒரு குறிப்பிட்ட கோப்பில்தான் கிடைக்கும். கோப்பைத் தொட முடியாத குழு, கைவிலங்கு பற்றிய விதி நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்று சான்று தரலாம். அந்த விதி நேற்று இரவு மீறப்பட்டதா என்பதை அறிய அதற்கு வழி இல்லை.

கேள்வி: 2024-க்கு முன்பு ஃபுளோரிடாவில் இந்தக் குழுக்களுக்குத் தடை ஏதும் இல்லையா?

இருந்தது, படிப்படியாக இறுகியது. 1974-இல் இயற்றப்பட்ட காவலர் உரிமைச் சட்டம், விசாரணைக்கு உள்ளாகும் காவலரை யார், எங்கே, எந்த நேரத்தில், எவ்வாறு கேள்வி கேட்கலாம் என்பதை விரிவாக வரையறுக்கிறது. ஷெரிஃபின் ஆட்கள் மீதான புகார்களை ஆரஞ்சு கவுண்டியின் குடிமக்கள் குழு விசாரிக்க முடியாது என்று 2009-இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று கூறியது.

அடுத்த பெரிய வழக்கு மயாமியிலிருந்து வந்தது. தம் மீதான புகார் குறித்துச் சாட்சியம் அளிக்க வருமாறு குடிமக்கள் விசாரணைக் குழு அனுப்பிய அழைப்பாணையைக் காவல் அதிகாரி ஒருவர் எதிர்த்தார். டி'அகஸ்டினோ எதிர் மயாமி நகரம் என்னும் அந்த வழக்கில் 2017 ஜூன் மாதம் ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம் நடுவழியாக ஒரு தீர்ப்பைத் தந்தது. குழு இருக்கலாம், விசாரிக்கலாம், பரிந்துரைக்கலாம். ஆனால் விசாரணைக்கு உள்ளான காவலரையே அழைப்பாணை மூலம் வரவழைத்துக் கேள்வி கேட்பது காவலர் உரிமைச் சட்டத்துக்கு முரணானது. அதாவது, குற்றம் சாட்டப்பட்டவர் தாமாக வந்து பேசினால் ஒழிய, அவர் தரப்பைக் குழு நேரில் கேட்க வழியில்லாமல் போயிற்று. எஞ்சியிருந்ததையும் 2024 சட்டம் எடுத்துக்கொண்டது.

கேள்வி: காவலரைக் கட்டாயப்படுத்திப் பேசவைப்பதில் ஏன் இவ்வளவு தகராறு?

இதில் காவலர் தரப்பில் உண்மையான நியாயம் ஒன்று உண்டு. அவசரப்பட்டு ஒதுக்கக் கூடாது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லாதிருக்கும் உரிமை காவலருக்கும் உண்டு. பேசாவிட்டால் வேலை போய்விடும் என்று மிரட்டிப் பெற்ற வாக்குமூலத்தை அவர் மீதான குற்ற வழக்கில் பயன்படுத்தக் கூடாது என்று 1967-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் காரிட்டி வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே குடிமக்கள் குழு கவனக்குறைவாக ஒரு வாக்குமூலத்தை வற்புறுத்தி வாங்கினால், பின்னால் வரவேண்டிய குற்ற வழக்கே கெட்டுப்போகலாம். ஆனால் இந்தச் சிக்கல் உள்விசாரணைப் பிரிவுக்கும் உண்டு. அவர்கள் துறை விசாரணையையும் குற்ற விசாரணையையும் தனித்தனியே நடத்தி இதைச் சமாளிக்கிறார்கள். அதே ஒழுங்கைக் குடிமக்கள் குழுவுக்கும் விதியாக எழுத முடியும். எழுத முடிந்ததை எழுதாமல் குழுவின் வேலையையே பறித்ததுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

கேள்வி: டென்னசியில் என்ன நடந்தது?

2018 ஜூலையில் நாஷ்வில் நகரில் டேனியல் ஹாம்ப்ரிக் என்ற 25 வயது கறுப்பின இளைஞரைக் காவலர் ஒருவர் சுட்டுக் கொன்றார். அந்த இளைஞர் காவலருக்கு முதுகைக் காட்டி ஓடிக்கொண்டிருந்ததை அருகிலிருந்த ஒரு பள்ளியின் கேமரா பதிவு செய்திருந்தது. அரசு வழக்கறிஞர் அந்தக் காட்சியை வெளியிட்டார். அந்தக் காவலர் 2021-இல் கொலையல்லாத மரணம் விளைவித்த குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டுத் தண்டனை பெற்றார். இடையில் 2018 நவம்பரில், நகர சாசனத்தைத் திருத்தி 11 பேர் கொண்ட கண்காணிப்புக் குழுவை அமைப்பதா என்று வாக்கெடுப்பு நடந்தது. காவலர் சங்கம் கடுமையாக எதிர்த்தும், ஏறத்தாழ 59 சதவீதம் பேர் ஆதரித்தார்கள்.

மறு ஆண்டே மாநிலச் சட்டமன்றம் குழுவின் அழைப்பாணை அதிகாரத்தைச் சுருக்கியது. 2023 ஜனவரியில் மெம்ஃபிஸ் நகரில் டயர் நிக்கல்ஸ் என்ற இளைஞர் காவலர்களால் அடித்துக் கொல்லப்பட்ட காட்சியை நாடே பார்த்தது. அதற்குப் பின் நான்கு மாதங்களில் ஆளுநர் பில் லீ கையெழுத்திட்ட சட்டம் கண்காணிப்பைக் கூட்டவில்லை. நாஷ்வில் குழுவையும், மெம்ஃபிஸில் 1994 முதல் இருந்த குழுவையும் கலைக்கச் சொன்னது. அவற்றின் இடத்தில் மேயர் நியமித்து நகர மன்றம் ஒப்புதல் தரும் ஏழு பேர் கொண்ட ஆலோசனை மறுஆய்வுக் குழுவை நகரங்கள் அமைத்துக்கொள்ளலாம். தன்னிடம் வரும் புகாரை அந்தக் குழு காவல்துறையின் உள்விசாரணைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அங்கே விசாரணை முடிந்த பிறகு கோப்பைப் படித்துக் கருத்துச் சொல்லலாம். சொந்தமாக விசாரிக்க முடியாது. நாக்ஸ்வில் நகரில் 1998 முதல் இயங்கிவந்த குழுவின் பெயரும் அமைப்பும் இதற்கு முன்மாதிரி ஆயின. ஓர் ஊர் தனக்கு ஏற்றதென்று தேர்ந்துகொண்ட அமைப்பு, மற்ற ஊர்கள் மீறக் கூடாத எல்லையாக மாறிவிட்டது.

கேள்வி: இந்தச் சட்டங்களை ஆதரிப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?

மாநிலம் முழுவதும் ஒரே விதி வேண்டும் என்பது முதல் வாதம். கவுண்டி எல்லையைத் தாண்டினால் காவலரின் உரிமை மாறிவிடக் கூடாது என்கிறார்கள். இதில் பொருள் உண்டு. குழு உறுப்பினர்களுக்குக் காவல் பணியின் பயிற்சி இல்லை, அரசியல் நோக்கத்தோடு வருகிறார்கள் என்பது அடுத்தது. இது சில இடங்களில் உண்மையாக இருக்கலாம். பயிற்சியைக் கட்டாயமாக்குவது அதற்கு மருந்து. ஆள்சேர்ப்பு பாதிக்கப்படுகிறது, காவலர்கள் வேலையை விட்டுப் போகிறார்கள் என்பதும் அடிக்கடி சொல்லப்படுகிறது.

இவற்றில் சீரான விதி என்ற வாதத்துக்கே நான் அதிக மதிப்புத் தருவேன். ஆனால் சீரான விதி என்றால் எல்லா ஊருக்கும் கண்காணிப்பு என்றும் இருக்கலாம். மேரிலாந்து மாநிலம் அதைத்தான் செய்தது.

கேள்வி: மேரிலாந்து என்ன செய்தது?

காவலர் உரிமைச் சட்டத்தை 1974-இல் முதன்முதலில் இயற்றிய மாநிலம் மேரிலாந்துதான். 2021 ஏப்ரலில் அதே மாநிலம், ஆளுநரின் மறுப்பாணையைச் சட்டமன்ற வாக்கால் தாண்டி, அந்தச் சட்டத்தை நீக்கியது. 2022 ஜூலை முதல் ஒவ்வொரு கவுண்டியிலும் காவல் பொறுப்புடைமைக் குழு இருந்தாக வேண்டும். புகாரைக் காவல்துறையே விசாரிக்கிறது. ஆனால் முடிந்த கோப்பு, குடிமக்கள் ஐந்து பேர் கொண்ட இன்னொரு குழுவுக்குப் போகிறது. கேமரா பதிவைப் பார்க்கவும், அழைப்பாணை அனுப்பவும், காவலர் மீது துறைக் குற்றச்சாட்டைப் பதிவதா என்று முடிவெடுக்கவும் அந்தக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. அது பரிந்துரைக்கும் தண்டனையைக் காவல்துறைத் தலைவர் கூட்டலாம், குறைக்க முடியாது. முதல் விசாரணை துறையின் கையிலேயே இருப்பது இந்த ஏற்பாட்டின் குறை. இருந்தும், கோப்பின் மீது முடிவு வெளியாருடையதாக இருப்பது பெரிய மாற்றம்.

கேள்வி: குழுவைக் கலைக்காமலே முடக்கும் சட்டங்களும் உண்டா?

உண்டு. பொதுமக்களின் கண்ணில் இவை அதிகம் படுவதில்லை.

ரகசியம் காப்பது ஒரு வழி. காவலரின் பணிக் கோப்புகள் கலிஃபோர்னியாவில் நீண்டகாலம் மூடியே இருந்தன. 2006-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம், காவல்துறைக்கு வெளியே உள்ள குடிமைப் பணி ஆணையத்தின் கையிலிருக்கும் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புகளும் ரகசியமே என்று தீர்ப்பளித்தது. அதுவரை பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடத்திய பெர்க்லி போன்ற நகரங்களின் குழுக்கள் கதவைச் சாத்திக்கொள்ள நேர்ந்தது. 2019-இல் அமலான புதிய சட்டம், துப்பாக்கிச் சூடு போன்ற சில வகைக் கோப்புகளை மட்டும் திறந்துவிட்டது.

தொழிலாளர் சட்டம் இன்னொரு வழி. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில், காவலரைத் தண்டிக்கும் அதிகாரமுள்ள குழுவுக்கு 2019-இல் நான்கில் மூன்று பங்கு வாக்காளர்கள் ஒப்புதல் தந்தார்கள். ஒழுங்கு நடவடிக்கை முறையை மாற்ற வேண்டுமானால் காவலர் சங்கத்தோடு பேசி ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்பது மாநிலச் சட்டம். வாக்கெடுப்பால் அதைத் தாண்ட முடியாது என்று 2023 நவம்பரில் அம்மாநிலத்தின் உச்ச மன்றம் கூறிவிட்டது. நியூஜெர்சியின் நியூவர்க் நகரக் குழு 2020-இல் அழைப்பாணை அதிகாரத்தையும், உள்விசாரணை நடக்கும்போதே இணையாக விசாரிக்கும் அதிகாரத்தையும் நீதிமன்றத்தில் இழந்தது. யூட்டா மாநிலம் 2019-லேயே, காவல்துறைத் தலைவரைச் சாராமல் தனி அதிகாரம் உள்ள குழுக்களை நகரங்கள் அமைக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது.

கேள்வி: நகரக் காவல்துறையையே மாநிலம் எடுத்துக்கொள்ள முடியுமா?

முடியும். மிசூரி மாநிலத்தில் கேன்சஸ் சிட்டியின் காவல்துறை 1939 முதல் மாநிலம் அமைத்த வாரியத்தின் கீழ் இருக்கிறது. ஐந்து உறுப்பினர்களில் நால்வரை ஆளுநர் நியமிக்கிறார், ஐந்தாமவர் மேயர். உள்நாட்டுப் போர் மூண்ட 1861-இல் செயின்ட் லூயிஸ் காவல்துறையை மாநிலம் எடுத்துக்கொண்டது. 2012-இல் மாநிலம் தழுவிய வாக்கெடுப்பில் மக்கள் அதை நகரத்திடம் திருப்பித் தந்தார்கள். 2025 மார்ச்சில் சட்டமன்றம் அதை மீண்டும் மாநில வாரியத்தின் கீழ் கொண்டுவந்தது.

கேள்வி: ஃபுளோரிடாவில் வசிக்கும் ஒருவர் காவலர் மீது இன்று புகார் கொடுக்க விரும்பினால் என்ன செய்யலாம்?

புகாரை அந்தக் காவல்துறையின் உள்விசாரணைப் பிரிவிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். நாள், நேரம், இடம், காவலரின் பெயர் அல்லது பேட்ஜ் எண், அருகில் இருந்தவர்கள், கேமரா பொருத்தப்பட்டிருந்த கடைகள் ஆகியவற்றை அன்றைக்கே குறித்துவைத்துக்கொள்வது மிக முக்கியம்; கடைகளின் பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடக்கூடும். பணிநீக்கம், பணியிடை நீக்கம் போன்ற ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதானால், பொதுவாக 180 நாட்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் கெடு விதிக்கிறது. சட்டம் விலக்களிக்கும் சில சூழல்களில் அந்தக் கெடு நீளும்.

விசாரணை முடியும்வரை கோப்பு ரகசியம். முடிந்த பிறகு, ஃபுளோரிடாவின் வலுவான பொதுப் பதிவேட்டுச் சட்டத்தின்படி, சில விவரங்கள் நீங்கலாக அதை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பெறலாம். கலைக்கப்பட்ட குழுக்கள் செய்துவந்த வேலையில் ஒரு பகுதியை இந்த உரிமையைக் கொண்டு செய்தியாளர்களும் குடியிருப்போர் அமைப்புகளும் தொடர முடியும்: மூடப்பட்ட கோப்புகளைக் கேட்டு வாங்கி, ஒரே காவலரின் பெயர் எத்தனை முறை வருகிறது என்று பார்ப்பது.

அரசியல் சட்ட உரிமை மீறப்பட்டிருந்தால் 1871-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தின்கீழ் இழப்பீடு கோரி வழக்குத் தொடரலாம். அதற்கு வழக்கறிஞரும் பணமும் பல ஆண்டுப் பொறுமையும் வேண்டும். ஒரு துறை முழுவதிலும் முறைகேடு பரவியிருந்தால், 1994 சட்டப்படி மத்திய அரசின் நீதி அமைச்சகம் தலையிட முடியும். மயாமி நகரக் காவல்துறையின் துப்பாக்கிச் சூடுகள் தொடர்பாக 2016-இல் அப்படி ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ஆனால் வாஷிங்டனில் ஆட்சி மாறினால் இந்தக் கதவும் மாறும். டயர் நிக்கல்ஸ் இறந்த மெம்ஃபிஸ் நகரக் காவல்துறை குறித்து 2024 டிசம்பரில் வெளியிட்ட கண்டறிதல்களை, 2025 மே மாதம் அதே அமைச்சகம் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த நகரத்தின் பழைய குடிமக்கள் குழு அதற்கு முன்பே மாநிலச் சட்டத்தால் கலைக்கப்பட்டிருந்தது.